நானோ மருந்தும் நான் விட்டுவிட்ட வரியும்

என் கையெழுத்து அழகானது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போகிற கோளாறில் பாதிப் பங்கு அதற்குத்தான். மருந்துச் சீட்டு எழுதுகிறவனின் எழுத்தை யாராலும் வாசிக்க முடியக்கூடாது என்று உலகம் பூராவும் ஓர் எழுதாத சட்டம் இருப்பதாகத் தெரிகிறது. அதன் அர்த்தம் எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் புரிந்தது. வாசிக்க முடியாத எழுத்தை யாரும் நம்பி எதையும் செய்துவிட மாட்டார்கள்.

இந்த வருடம் தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கூட வேலை செய்தவர்கள் கேட்டார்கள். வேலையில் இருந்தபோது நான் பேசினால் கடிகாரத்தைப் பார்த்தவர்கள், ஓய்வு பெற்றதும் அனுபவசாலி என்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் ஆணியில் மாட்டிய ஸ்டெதஸ்கோப்போடு சும்மா இருக்கிற எனக்கும் வேறு வேலை இல்லை. சாதனைகளை எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். முதல் பக்கத்தோடு தீர்ந்துவிட்டன. ஆகவே தவறு ஒன்றை எழுதுகிறேன். அதில் எனக்குக் கையிருப்பு அதிகம்.

முதலில் நாம் யார் என்பதில் தெளிவாக இருப்போம். காகிதத்தில் நாம் தோட்ட வைத்திய உதவியாளர். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் நாம் டொக்டர் ஐயா. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. நம் உத்தியோக வாழ்க்கை முழுக்க அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு நடந்துகொண்டிருக்கிறோம். பலகைக்குப் பெயர், எல்லாம் தெரிந்த முகம். காய்ச்சலா, தெரியும். கட்டியா, தெரியும். மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறதா, அதுவும் தெரியும். தெரியாது என்று சொன்ன டொக்டர் ஐயாவை எந்தத் தோட்டத்திலும் நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை, அந்த வருடம் வரைக்கும்.

அது யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம். கித்துல்கலவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். கீழே களனி கங்கையில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் படகில் கத்திக்கொண்டு போவார்கள். மேலே எங்கள் ஆட்கள் ரப்பர் மரங்களில் சத்தமில்லாமல் பால் வெட்டுவார்கள். தோட்டத்துப் பெக்டரியோடு ஒட்டி, ரப்பர் கையுறை செய்கிற ஒரு சின்னப் பிரிவைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே ஒருநாள் நீல நிற பீப்பாய் ஒன்று வந்து இறங்கியது. உள்ளே சாம்பல் நிறத் தூள், திருநீறை விட நைசு. விரலால் தொட்டால் தொட்ட மாதிரியே இருக்காது, ஆனால் விரல் நிறம் மாறியிருக்கும்.

வெள்ளியை அப்படி நுணுக்கியிருக்கிறார்களாம். கையுறையில் பூசினால் கிருமி ஒட்டாதாம். வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, ஒரு தொகுதியை அப்படிச் செய்து அனுப்பச் சொல்லியிருந்தது. அந்த வருடம் பேப்பரைத் திறந்தால் நானோதான். காலுறையில் நானோ, பற்பசையில் நானோ, பெயிண்டில் நானோ. கேகாலைக் கடைத்தெருவில் 'நானோ' என்று அச்சடித்த பனியன்கூட வந்துவிட்டது, தோய்க்காமல் ஒரு வாரம் போடலாம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வேறெங்கோ நாலு பேர் கண்ணாடிக் குழாயோடு உட்கார்ந்து கண்டுபிடித்த சங்கதி, கல்லும் குழியுமான எங்கள் தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஏறி வந்துவிட்டது. தோட்டத்துக்கு மின்சாரம் வர அறுபது வருடம் எடுத்தது. இது வர ஒரு லொறி போதுமாக இருந்தது.

பீப்பாயோடு ஒரு தாள் வந்தது, ஆங்கிலத்தில். தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய தொரை என்னைக் கூப்பிட்டு, இதைத் தமிழில் எழுதிப் பெக்டரிச் சுவரில் ஒட்ட வேண்டும், உங்களைத் தவிர இங்கே யார் இருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. தோட்டத்தில் ஆங்கிலப் பேப்பரை விளம்பரம் வரைக்கும் வாசிக்கிற ஒரே தமிழன் நான். அந்தப் புகழுக்கு ஆசைப்பட்டு இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தேன்.

முதலில் 'மீநுண் துகள்' என்று எழுதினேன். எனக்கே பயமாக இருந்தது. பிறகு, மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்ற என்னுடைய நெடுநாள் கொள்கை நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். புல்லுக்கு அடிப்பது மருந்து. ரப்பர் பால் உறைவதற்கு ஊற்றுகிற அசிட்டும் மருந்து. எலிக்கு வைப்பதும் மருந்து. நான் கொடுப்பதும் மருந்துதான். ஆகவே ஒரு பெரிய மனிலாத் தாளில், சிவப்பு மையில், என் அழகான எழுத்தில் எழுதினேன்: 'நானோ மருந்து. கிருமிகளைக் கொல்லும். கவனமாகக் கையாளவும். முகமூடி அணியவும்.'

தாளின் அடியில் ஆங்கிலத்தில் இன்னொரு வரி இருந்தது, பொடி எழுத்தில். இத்தனை சிறிய துகள்கள் மனித உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் முழுமையாகத் தெரியவில்லை என்று. அதை எழுத நினைத்தேன். ஆனால் மனிலாத் தாளில் அடியில் கொஞ்சம் இடம்தான் மிச்சம். அந்த இடத்தில் என் கையெழுத்தையும், அதன் கீழே கோடு போட்டு 'தோட்ட வைத்திய உதவியாளர்' என்பதையும் எழுதினேன். ஏற்கனவே சொன்னேன், என் கையெழுத்து அழகானது, கொஞ்சம் அகலமும்கூட. அந்த வரிக்கு இடமில்லாமல் போய்விட்டது. தொரையிடம் சொன்னேன். அது பரவாயில்லை, ஆட்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போஸ்டர் ஒட்டிய மறுநாளே பெக்டரியில் அது பகிடியாகிவிட்டது. தமிழ் தெரிந்த எவருக்கும் 'நானோ' என்பது ஒரு கேள்வி. பீப்பாய் மூடியைத் திறந்து போட்டது யார் என்று பெக்டரி ஒபிசர் சத்தம் போட்டால், மேசைக்கு மேசை பெண்கள் 'நானோ?', 'நானோ?' என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்பார்கள். நானும் சிரித்தேன். முகமூடி அணியவும் என்று எழுதினேனே, முகமூடி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் துவாயை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, கமலாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். கமலா பால் வெட்டுகிறவள், குழந்தை பிறந்து ஒன்பது நாள். ஆண் குழந்தை, அவளுக்கு முதல் பிள்ளை. பால் குடிக்க மாட்டேனென்கிறான், உடம்பு சுடுகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். போய்த் துணியை விலக்கினேன். தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. அந்தச் சிவப்பின் மேல், பூசிவிட்ட மாதிரி, சாம்பல் நிறம்.

இது என்ன என்று கேட்டேன். கமலாவின் நாத்தனார் லெச்சுமி பக்கத்திலேயே நின்றாள். கையுறைப் பிரிவில் தூள் போடுகிற மேசையில் வேலை செய்கிறவள், பேச்சில் யாருக்கும் சளைக்காதவள். அவள் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னாள்.

"நானோ மருந்துங்க ஐயா. கிருமி அண்டாதுன்னு நாந்தான் கொஞ்சம் கொண்டாந்து போட்டேன்."

தொப்புளில் எதையும் போடக்கூடாது என்று மருத்துவிச்சி அம்மா படித்துப் படித்துச் சொல்லவில்லையா என்றேன்.

"சொன்னாங்க. அவங்க வாயால சொன்னாங்க. நீங்க எழுதி, கையெழுத்தும் போட்டுல்ல வெச்சிருக்கீங்க."

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யோசிக்க இடமில்லை. ஏற்றி அனுப்ப வேண்டும். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் முப்பது வருடமாகத் தெரியும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்துத் தூளைத் துடைத்தேன். சாம்பல் நிறம் முழுதாகப் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்ப்போம், பால் கொடுத்துக்கொண்டே இரு என்று கமலாவிடம் சொன்னேன், எல்லாம் தெரிந்த முகத்தோடு. பிறகு நேரே பெக்டரிக்குப் போனேன்.

பெக்டரிக்கு எதற்கு என்று நீங்கள் கேட்க வேண்டும். போஸ்டரைக் கழற்றுவதற்கு.

நடந்துபோகும்போது நான் அப்படி நினைக்கவில்லை. ஆங்கிலத் தாளைப் பார்க்கப் போகிறேன், தூளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். தாளையும் பார்த்தேன், இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடி வரி அப்படியேதான் இருந்தது. அதற்குப் பிறகு டிஸ்பென்சரிக்குப் போய் அங்கே இருந்த இரண்டு பழைய புத்தகத்தையும் புரட்டினேன். அவை அச்சான காலத்தில் வெள்ளி என்றால் கொலுசுதான். திரும்பவும் லயத்துக்குப் போனேன். சூடு குறையவில்லை. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம் என்று இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது. அந்த இரண்டரை மணித்தியாலமும் என் மனதில் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது: ஆஸ்பத்திரியில் என்ன பூசினீர்கள் என்று கேட்பார்கள், யார் சொன்னது என்று கேட்பார்கள், அப்போது நான் என்ன சொல்வது? குழந்தைக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவது கேள்வியாக இருந்தது.

கடைசியாகத் திரும்பவும் பெக்டரிக்கு வந்து, சுவருக்கு முன்னால் நின்று, நகத்தால் போஸ்டரின் மூலையைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். பசை நல்ல பசை, நானே காய்ச்சியது. பின்னால் யாரோ நிற்கிறமாதிரி இருந்தது. லெச்சுமி. என்னைத் தேடி லயத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. நான் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அதக் கழட்டி என்னங்க ஐயா செய்யிறது. நாங்கதான் படிச்சிட்டோமே."

முப்பது வருட உத்தியோகத்தில் என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள். தொரைமார் ஆங்கிலத்தில் திட்டியிருக்கிறார்கள், குடித்தவர்கள் எல்லா மொழியிலும் திட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வசனம் மாதிரி எதுவும் என்னை நிறுத்தவில்லை. மூலை கிழிந்த போஸ்டரை அப்படியே விட்டுவிட்டுத் தொரையின் பங்களாவுக்கு ஓடினேன்.

தொரை கெட்டவர் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் ஜீப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார், பீப்பாயிலிருந்து கொஞ்சம் தூளை ஒரு ஜேம் போத்தலில் போட்டுத் தரவும் சொன்னார். ஜீப்பில் ஏறும்போதுதான் மெதுவாகச் சொன்னார். கொழும்பு ஒபிசில் கேட்கும் வரைக்கும் ஆஸ்பத்திரியில் தூளின் பெயரைச் சொல்ல வேண்டாம், சாதாரண டல்கம் பவுடர் என்று சொன்னால் போதாதா, அந்தக் கையுறைத் தொகுதி போகாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள், நாற்பது பெண்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்றார். நான் தலையாட்டினேன். தோட்டத்தில் நெடுங்காலம் வேலை செய்தவனின் கழுத்து யாரைக் கேட்டும் ஆடுவதில்லை.

லயத்தில் கமலாவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை வாங்கிப் பார்த்தார்கள், எங்கள் பெயர்களைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு சிப்பாய் ஒருவன் ஜேம் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே சாம்பல் நிறத் தூள். அந்த வருடத்தில், ஒரு தமிழன், போத்தலில் பெயர் தெரியாத தூளோடு.

"மேக்கே மொகக்த தியென்னே?" என்றான். இதில் என்ன இருக்கிறது என்று.

பெஹெத் என்றேன். மருந்து. சிங்களத்திலும் அப்படித்தான். பயிருக்கு அடிப்பதும் பெஹெத், நோய்க்குக் கொடுப்பதும் பெஹெத். ஒரே தவறை இரண்டு மொழியிலும் செய்யக் கூடிய பாக்கியம் நமக்குத்தான் உண்டு. என்ன பெஹெத் என்றான். கமலாவின் கையில் குழந்தை மெலிதாக, பூனை மாதிரி அழுதது. சிப்பாய்க்கு இருபது வயது இருந்தால் அதிகம். குழந்தையைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான். போத்தலை மணல்மூட்டைக்குப் பின்னால் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, போங்கள், சீக்கிரம் போங்கள் என்று கையைக் காட்டினான்.

ஜீப் கிளம்பியதும் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நிம்மதி. தூள் போய்விட்டது, என் குற்றமில்லாமல் போய்விட்டது. இனி டல்கம் பவுடர் என்று சொன்னால் இல்லையென்று சொல்ல யாருமில்லை. சட்டைப் பையிலிருந்த தாள் மட்டும் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது. நான் கமலாவைப் பார்க்கவில்லை. அவள் குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கின உடனேயே நேர்ஸ் அம்மா தொப்புளைப் பார்த்துவிட்டார். சிங்களத்தில் கேட்டார், இதில் என்ன போட்டீர்கள். எனக்கு முன்னால் இரண்டு வார்த்தைகள் நின்றன. டல்கம் என்ற வார்த்தையைத்தான் சொல்லப் போனேன். சுவருக்கு முன்னால் நின்ற லெச்சுமியின் முகம் எங்கிருந்தோ வந்தது.

நெனோ என்றேன். சிங்களத்தில் அதை அப்படித்தான் சொல்வார்கள்.

நேர்ஸ் அம்மாவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. சிங்களத்தில் 'நேனா' என்றால் நாத்தனார்.

"நேனாத தாலா தியென்னே?" நாத்தனாரா போட்டது என்று கேட்கிறார்.

இல்லை, நெனோ என்றேன். ஆமாம், எந்த நேனா, புருஷன் பக்கமா என்று எழுதுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டார். அவர் தவறாக விளங்கிக்கொண்டதும் சரியாகத்தான் இருந்தது, போட்டது நாத்தனாரேதான். எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. அந்த நிமிடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் போதும். குற்றவாளி நேனா என்று பதிவாகியிருக்கும், நெனோ தப்பியிருக்கும், நானும் தப்பியிருப்பேன்.

சத்தம் கேட்டு டொக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், என் மகள் வயது. அப்போது கமலா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பேப்பரில் மடித்த ஒரு சிட்டிகைத் தூள். லெச்சுமி பெக்டரியிலிருந்து கொண்டு வந்ததில் மிச்சம். சோதனைச் சாவடியில் இறங்கியபோதும் அது அவள் இடுப்பில்தான் இருந்திருக்கிறது. களவென்று சொல்வார்களே என்று பயந்து என்னிடம்கூட அவள் காட்டவில்லை. இப்போது அதை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"லெச்சுமிக்கு வேல போனாலும் போகட்டுங்க ஐயா. என்னா ஏதுன்னு சொல்லி எம்புள்ளையப் பாக்கச் சொல்லுங்க."

நான் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து டொக்டரிடம் கொடுத்தேன். மேலே உள்ளதை விடுங்கள், கடைசி வரியைப் படியுங்கள் என்றேன். பிறகு, இதை மருந்து என்று தமிழில் எழுதி ஒட்டியது நான், அந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டதும் நான் என்று சொன்னேன். பெக்டரியில் இரண்டு வாரமாக எல்லோரும் நெஞ்சில் கை வைத்துக் கேட்ட பகிடிக் கேள்விக்கு, அன்றைக்குத்தான் ஒருவன் பதில் சொன்னான்.

டொக்டர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். ஏதோ பெரிய பெயர் ஒன்றைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கமலாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"மம தன்னே நே."

எனக்குத் தெரியாது. படித்துப் பட்டம் வாங்கிய டொக்டர், ஒரு தாயின் முகத்துக்கு நேரே, வெட்கமில்லாமல், பயமில்லாமல் அதைச் சொன்னார். என் பலகை அன்றைக்குத்தான் உடைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், கமலா கலங்கவில்லை. தெரியாது என்று சொன்னதற்குப் பிறகுதான் அவள் அந்த டொக்டரை நம்பினாள். தெரியாததைத் தெரியாது என்று ஒதுக்கிவிட்டு, தெரிந்ததை டொக்டர் மளமளவென்று செய்தார். தொப்புளில் கிருமி ஏறியிருப்பது தெரியும், அதற்கு ஊசி. இரத்தம் எடுத்தார். வேகத்தைப் பார்த்தபோது, இரண்டரை மணித்தியாலம் என்றால் எவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கியது.

தூளைப் பற்றி விசாரிக்க வார்டுப் போனை என்னிடம் கொடுத்தார்கள். தொரைக்கு எடுத்தேன், பெயரைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கொழும்பு நம்பரைக் கொடுத்தார். கொழும்பில், நாங்கள் இறக்குமதி செய்து கொடுத்தவர்கள் மட்டும்தான், அனுப்பியவர்களைக் கேளுங்கள் என்றார்கள். அனுப்பியவர்கள் சிங்கப்பூரில். அவர்கள், நாங்கள் பொதி மாற்றியவர்கள்தான், செய்தவர்களைக் கேளுங்கள் என்றார்கள். செய்தவர்கள் இருந்த நாட்டில் அன்றைக்கு விடுமுறை. மறுநாள் டொக்டரே பேசினார். கையுறைக்குத்தான் விற்றோம், குழந்தைக்கு விற்கவில்லை என்று பதில் வந்ததாம். பணிவான பதில்தானாம். உலகத்தைச் சுற்றி வந்த ஒரு தூள், ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கையெழுத்தை வாங்கியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் நெஞ்சில் கை வைத்து, நானோ என்று கேட்கிறார்கள். எங்கள் பெக்டரிப் பெண்கள் மேசைக்கு மேசை விளையாடியதை இவர்கள் நாட்டுக்கு நாடு விளையாடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் கீழே, கடைசி இடத்தில், கோடு போட்டு, என் கையெழுத்து.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் குழந்தை முழுதாகப் பால் குடித்தான். அதற்குப் பிறகு நான் டொக்டரிடம் கேட்டேன், தூளால்தான் வந்ததா. தெரியாது என்றார். கிருமி வேறு வழியில் ஏறியிருக்கலாம், லெச்சுமியின் விரலிலிருந்தே ஏறியிருக்கலாம். ஒருவேளை தூள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்குமோ, அதுவும் தெரியாது. அந்த நுணுக்கின வெள்ளி உள்ளே எவ்வளவு போனது, போனது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்போதாவது எழுந்திருக்குமா, தெரியாது. அவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும், ஆனால் அவர் அதைப் பலகை போட்டு மூடவில்லை.

லெச்சுமியின் வேலை போகவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் நான் நடந்ததை எழுத்தில் எழுதுவேன், என் எழுத்து வாசிக்கக்கூடியது என்று தொரையிடம் சொன்னேன். வாழ்க்கையில் என் கையெழுத்து ஒருவருக்கு உதவிய ஒரே தடவை அது. போஸ்டரைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை அடி வரியை முதல் வரியாக, பெரிய எழுத்தில் எழுதினேன்: 'இது மருந்து இல்லை. இது உடம்பில் என்ன செய்யும் என்று யாருக்கும் இன்னும் தெரியாது.' தொரை அதை ஒட்டவிட்டார். அடுத்த வாரம் நிஜமான முகமூடிகள் வந்தன. தெரியாது என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

கையுறைத் தொகுதி கப்பலேறியது. எந்த நாட்டில், எந்த ஆஸ்பத்திரியில், யாருடைய கையில் அவை இப்போது இருக்கின்றன என்று தெரியாது. பீப்பாயைக் கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போனது, ஓடை களனி கங்கைக்குப் போகிறது, கங்கை கொழும்புக்குப் போகிறது. சில காலைகளில் தேத்தண்ணி குடிக்கும்போது இது நினைவுக்கு வந்து, கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன். பிறகு எடுத்துக் குடித்துவிடுகிறேன். வேறு என்ன செய்வது.

நீங்கள் போகிற தோட்டங்களுக்கும் பீப்பாய்கள் வரும். நானோ என்று வராது, அதற்குள் வேறு பெயர் வந்திருக்கும். உங்களைத்தான் கூப்பிட்டு எழுதச் சொல்வார்கள். கையெழுத்துக்கு இடம் விடாதீர்கள், அடி வரிக்கு விடுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சுவரைப் பார்க்கப் போகாதீர்கள்.

கமலாவின் மகனுக்கு இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. நன்றாக ஓடுகிறான். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்க்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, ஓய்வு பெற்ற பிறகும் போகிறேன். மற்றப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைக் கண்டால் கும்பிடப் பழக்கியிருக்கிறார்கள். இவன் என்னைத் தூரத்தில் கண்டாலே சட்டையைக் கழுத்து வரைக்கும் தூக்கிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறான். இந்தத் தாத்தாவுக்கு வணக்கம் சொல்வது இப்படித்தான் என்று நினைத்திருக்கிறான் போல. லயத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள், லெச்சுமி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிறாள்.

நான் முழங்காலில் உட்கார்ந்து பார்க்கிறேன். தொப்புளைச் சுற்றி, ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குச் சாம்பல் நிறம். போன மாதமும் அவ்வளவுதான் இருந்தது என்று நினைக்கிறேன். கமலா சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எப்புடிங்க ஐயா இருக்கு?"

"தெரியலம்மா" என்கிறேன்.

அவள் தலையசைத்துவிட்டு, குனிந்து, மகனின் சட்டையை இறக்கிவிடுகிறாள்.